வாசலுக்கு வரும் நெடுஞ்சாலையும் 21 நாள் கணக்கும்

செய்தித்தாள் வந்து விழுந்ததும் ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொரு பக்கம் ஓடும். ஒருவருக்கு ராசிபலன், இன்னொருவருக்குத் தங்கம் விலை. எங்கள் அத்தைக்கு (மாமியாரைத்தான் சொல்கிறேன்) தக்காளி என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்தால்தான் காப்பி உள்ளே இறங்கும். இதெல்லாம் இருக்கட்டும். எறும்பு ஊர்கிற மாதிரிப் பொடி எழுத்தில், கட்டம் கட்டமாக, சில நாள் ஒரு முழுப் பக்கத்தையே அடைத்துக்கொண்டு ஓர் அரசாங்க அறிவிப்பு வருமே, அதை என்றைக்காவது படித்திருக்கிறீர்களா, சகோதரிகளே? வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு, பரப்பு, உரிமையாளர் பெயர்... பார்த்தாலே கொட்டாவி வரும். அலமாரித் தட்டில் விரிக்க ஆகும் என்று மடித்து வைத்துவிடுவோம். அந்தக் கட்டங்களில் ஒன்றில் நம் கிணறு இருக்கலாம். மாட்டுக் கொட்டகை இருக்கலாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழி இருக்கலாம்.

நெடுஞ்சாலை என்றால் யாரோ ஒரு மந்திரி கையெழுத்துப் போட்டார், மறுநாள் புல்டோசர் வந்து நின்றது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. அது படிப்படியாக வருகிறது. ஒவ்வொரு படிக்கும் சட்டத்தில் ஒரு நாள் கணக்கு உண்டு. அந்தக் கணக்குக்குள் நாம் பேசினால் காதில் விழும். நாள் தாண்டிவிட்டால் அழுது புரண்டாலும் பணத்தைப் பற்றித்தான் பேச முடியும், நிலத்தைப் பற்றிப் பேச முடியாது.

நாங்கள் இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சானமாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஓசூரிலிருந்து ராயக்கோட்டைக்குப் போகிற வழி. ஒரு பக்கம் காப்புக்காடு, இன்னொரு பக்கம் ராகியும் தக்காளியும் ரோஜாவும். வீட்டுக்குள்ளே தெலுங்கு, சந்தையில் தமிழ், எல்லை தாண்டிக் கல்யாணத்துக்குப் போனால் கன்னடம் என்று மூன்றையும் கலந்து கட்டிப் பேசுகிற ஜனங்கள். ஆண்கள் பாதிப் பேர் ஓசூர்க் கம்பெனிகளில் ஷிப்டு. என் கணவரும் அப்படித்தான்.

எங்கள் பக்கத்தில் சாலை என்பது ஒரு தடவை போட்டு முடிகிற சமாசாரமே இல்லை. ஸ்ரீநகரில் புறப்பட்டுக் கன்னியாகுமரி வரை போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை (பெரியவர்கள் இன்னும் ‘ஏழாம் நம்பர் ரோடு’ என்றுதான் சொல்வார்கள்) கிருஷ்ணகிரியைத் தாண்டி ஓசூர் வழியாகத்தான் பெங்களூருக்குப் போகிறது. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தர்மபுரிக்குப் போவது 844-ஆம் எண். போதாததற்குப் பெங்களூரைச் சுற்றி ஒரு பெரிய வட்டச் சாலை; அதில் ஒரு துண்டு எல்லை தாண்டி நம் ஓசூர்ப் பக்கமும் வருகிறது. ஒரு சாலையை அகலப்படுத்தி முடிப்பதற்குள் அடுத்ததற்கு அளக்க ஆள் வந்துவிடுகிறார்கள்.

அப்படி அளக்க வந்த ஒரு நாளில்தான் எங்கள் நிலத்தின் ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் முளைத்தது. எந்தச் சாலைக்கு என்று இங்கே சொல்லப் போவதில்லை. இழப்பீட்டு விஷயம் இன்னும் வாய்தாவில் இருக்கிறது.

கல்லுக்கு இந்தப் பக்கம் என் நாத்தனாரின் ஓட்டு வீடும், முன்னால் கீற்றுப் பந்தலில் அவருடைய இட்லிக் கடையும். கணவர் போன பிறகு ஒரே பெண்ணோடு பிறந்த வீட்டுக்கு வந்தவர். விடியற்காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் கடை வாசலில் வண்டியை நிறுத்தி நாலு இட்லி பொட்டலம் கட்டிக்கொண்டு போவார்கள். அந்த வருமானத்தில்தான் பெண்ணைப் பாலிடெக்னிக் படிக்க வைக்கிறார். கல்லைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: “ஏம்மா, கல்லுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா நம்மளுது?”

“கவர்ன்மெண்டு ரோடு. நாம என்னக்கா சொல்ல முடியும்?” என்றார் என் கணவர்.

சொல்ல முடியும் என்று எனக்குத் தெரிந்தது அந்தப் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்த பிறகுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956-இல் வந்தது. வேடிக்கை பாருங்கள், அமெரிக்காவில் பெரிய பெரிய நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் வந்ததும் அதே 1956-தான். ஆனால் நிலம் எடுப்பதற்கென்று நம் சட்டத்தில் தனிப் பிரிவுகளைச் சேர்த்தது 1997-இல். அவற்றுக்கு 3-ஏ, 3-சி, 3-டி, 3-ஜி என்று பெயர். பயந்துவிடாதீர்கள். அடுப்பில் சாதம் வேகிற நேரத்தில் புரிந்துவிடும்.

முதலில் 3-ஏ. ‘இந்த இந்த நிலம் சாலைக்குத் தேவைப்படுகிறது, எடுக்க உத்தேசித்திருக்கிறோம்’ என்று மத்திய அரசாங்கம் அரசிதழில் வெளியிடும். அதன் சாரத்தை இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் போட வேண்டும். அதில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். நாம் அலமாரித் தட்டில் விரிக்கிற காகிதம் இதுதான்!

அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாள். அதற்குள் அந்த நிலத்தில் உரிமையோ சம்பந்தமோ உள்ள யாரும் எழுத்து மூலமாக ஆட்சேபணை கொடுக்கலாம். காரணத்தைச் சொல்ல வேண்டும். கொடுத்தால், அந்த அதிகாரி நேரில் கூப்பிட்டு விசாரித்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். வக்கீல் வைத்தும் பேசலாம், நாமே போயும் பேசலாம். இது 3-சி. இருபத்திரண்டாம் நாள் கொண்டுபோன மனுவுக்கு இந்த உரிமை கிடையாது.

அடுத்து 3-டி. ஆட்சேபணைகளைக் கேட்டு முடித்த அறிக்கை மேலே போய், அரசிதழில் இரண்டாவது அறிவிப்பு வரும். அந்த நிமிஷமே நிலம் அரசாங்கத்தின் சொத்து. நாம் அங்கேதான் குடியிருப்போம், அடுப்பும் எரியும், ஆனால் நிலம் நம்முடையது இல்லை. இன்னொன்று: முதல் அறிவிப்பு வந்து ஒரு வருஷத்துக்குள் இந்த இரண்டாவது அறிவிப்பு வராவிட்டால் முதலாவது காலாவதி. கோர்ட்டுத் தடை இருந்த நாட்களை மட்டும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

பிறகுதான் 3-ஜி, அதாவது இழப்பீடு. அந்தப் பணத்தை அதிகாரியிடம் கட்டிய பிறகே இடத்தைக் கையில் எடுக்கலாம். ஒப்படைக்க 60 நாள் கொடுத்து நோட்டீஸ் வரும். பணம் கட்டும் முன்னே “காலி பண்ணுங்க” என்று யாராவது வந்து மிரட்டினால், எந்தப் பிரிவின்கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். குரல் தானாக இறங்கிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. எல்லா அறிவிப்பும் இந்தச் சட்டத்தின்கீழ் வருவதில்லை. மாநில நெடுஞ்சாலை என்றால் 2001-இல் வந்த தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம். சிப்காட் போன்ற தொழிற்பேட்டை என்றால் 1997-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் வேறு. எங்கள் மாதிரி ஓசூர் ஓரத்து ஊர்களில் ஒரே நிலத்துக்கு மூன்று சட்டமும் மாறி மாறி வாசல் தட்டும். நாள் கணக்கு ஒன்றுக்கொன்று மாறும். அதனால் நோட்டீஸ் கைக்கு வந்ததும் முதலில் தேடவேண்டியது தொகையை அல்ல, சட்டத்தின் பெயரையும் வருஷத்தையும்தான்.

நாங்கள் எழுதியது

பட்டா இன்னும் காலமான மாமனார் பேரிலேயே இருந்தது. எத்தனை வீட்டில் இப்படி! பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கவே பத்து நாள் ஓடிவிட்டது. கணவருக்குப் பகல் ஷிப்டு. அலைந்தது நானும் நாத்தனாரும். இடுப்பில் என் சின்னவன்.

மனுவில் ‘சாலையே வேண்டாம்’ என்று நாங்கள் எழுதவில்லை. பிரசவ வலி எடுத்தவளைக் குண்டும் குழியுமான ரோட்டில் ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஊர் இது. நல்ல சாலையின் அருமை எங்களுக்குத் தெரியும். கிணறு எடுக்கப்படும் துண்டில் இருக்கிறது, மிச்ச நிலம் சாலைக்கு அந்தப் பக்கம் தனியாகப் போய்விடுகிறது, கிணறில்லாத அந்த ராகிக் கொல்லை இனி வானத்தைப் பார்த்துத்தான் நிற்கும் என்று எழுதினோம். வீட்டோடு கடை இருக்கிறது, அதுதான் ஒரு குடும்பத்தின் ஜீவனம் என்று எழுதினோம். பள்ளிக்கூடம் எதிர்ப்புறம் இருக்கிறது, குழந்தைகள் கடக்கச் சுரங்கப்பாதை வேண்டும் என்று எழுதினோம்.

கடைசியில் சொன்னதை மாற்றும் அதிகாரம் நில எடுப்பு அதிகாரிக்கு இல்லை. சாலையின் அமைப்பு அவர் கையில் கிடையாது. இது முன்பே தெரிந்ததால் மனுவின் நகலைத் திட்ட இயக்குநருக்கும் கலெக்டருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை மூன்றையும் அரிசி டப்பாவுக்கு மேலே ஆணியில் குத்தி வைத்தேன். எலி எட்டாத இடம்.

விசாரணை அன்று ஓர் அலுவலகத்தில் காலை பத்திலிருந்து இரண்டரை வரை உட்கார்ந்திருந்தோம். “ஆம்பளைங்க யாரும் வரலியா?” என்று மேஜைக்காரர் கேட்டார். “நிலத்துல உழைக்கிறது நாங்கதானுங்க” என்றார் நாத்தனார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார், அதையும் சொல்ல வேண்டும்.

சாலைக் கோடு நகரவில்லை. ஆனால் கிணறும், எட்டுத் தென்னையும், கடையும் பதிவேட்டில் ஏறின. முதல் அளவையில் அந்தக் கடை ‘காலி மனை’ என்று இருந்தது! ஊரே திரண்டு கேட்டதில் சர்வீஸ் ரோடு கிடைத்தது. சுரங்கப்பாதையும் கிடைத்தது, பள்ளிக்கூடத்துக்கு நேராக இல்லை, முக்கால் கிலோமீட்டர் தள்ளி. அவ்வளவு தூரம் சுற்றிப் போக எந்தப் பிள்ளைக்குப் பொறுமை இருக்கும்? சாலைத் தடுப்பைத் தாண்டித்தான் குதிக்கின்றன. தினம் ஒரு தாய் அங்கே முறை போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

கூட்டம் போட்டுக் கேட்க மாட்டார்களா?

“பத்திரிகையில எல்லாம் கருத்துக் கேட்புக் கூட்டம்னு போடறாங்களே, நமக்கு ஏன் வைக்கலை?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி.

சுற்றுச்சூழல் அனுமதி என்று ஒன்று உண்டு. 1986-இல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 1994-இல் ஓர் அறிவிப்பும் 2006-இல் அதைத் திருத்தி இன்னோர் அறிவிப்பும் வந்தன. அந்த அனுமதி தேவைப்படும் பெரிய திட்டம் என்றால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாவட்டத்திலேயே கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிக்க வேண்டும். கலெக்டரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். கூட்டம் முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும். நிலம் உள்ளவர்தான் பேசலாம் என்றில்லை, வாடகை வீட்டுக்காரரும் பேசலாம். முடிவில் பேசியதை எல்லாம் அங்கேயே உள்ளூர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். நாம் சொன்னதை மாற்றி எழுதியிருந்தால் கை தூக்க வேண்டிய நேரம் அதுதான்.

ஆனால் எல்லா அகலப்படுத்தலுக்கும் இது கிடையாது. 2006-இல் 30 கிலோமீட்டரில் தொடங்கிய வரம்பை 2013 ஆகஸ்டில் உயர்த்திவிட்டார்கள். இருக்கிற தேசிய நெடுஞ்சாலையை 100 கிலோமீட்டருக்கு மேல் அகலப்படுத்தி, கூடுதலாக எடுக்கும் இடமும் பழைய பாதையில் 40 மீட்டரை, புறவழிச் சாலையில் 60 மீட்டரைத் தாண்டினால்தான் அனுமதி வேண்டும். அதற்குக் குறைந்தால் வேண்டாம். சாலை வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காண்டிராக்ட் விடுவதுதான் வழக்கம் என்பது உங்களுக்கே தெரியும்.

விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை சுமார் 180 கிலோமீட்டர் சாலை விஷயத்தில் இதுவே வழக்காகிச் சென்னை ஹைகோர்ட்டுக்கும் பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனது. கூடுதல் நிலம் அந்த வரம்பைத் தாண்டாததால் அனுமதி இல்லாமலே வேலை நடக்கலாம் என்று 2021 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. கூடவே, இப்படித் துண்டு போடுவது சரிதானா என்று நிபுணர்கள் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: ஒரு புடவையை நாலாகக் கிழித்துவிட்டு ‘இது புடவையே இல்லை’ என்றால் கட்டினவள் ஒப்புவாளா?

இன்னொரு பெரிய வழக்கு எல்லாருக்கும் நினைவிருக்கும். சென்னை–சேலம் எட்டு வழிச் சாலை. 277 கிலோமீட்டர், சுமார் பத்தாயிரம் கோடி ரூபாய். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தையும் ஓர் ஓரத்தில் தொட்டுப் போகிற திட்டம். 2018-இல் சேலம் பக்கம் கல் நட வந்தபோது பெண்கள் வயலில் விழுந்து அழுததை டி.வி.யில் பார்த்து எங்கள் அத்தை அன்று சாப்பிடவே இல்லை. 2019 ஏப்ரல் 8-ஆம் தேதி ஹைகோர்ட் அந்த நில எடுப்பு அறிவிப்புகளை ரத்துச் செய்தது. சுற்றுச்சூழல் அனுமதி முன்கூட்டியே வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானது. 2020 டிசம்பர் 8-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் வேறு விதமாகச் சொன்னது: நிலம் எடுக்க அறிவிப்பு வெளியிடும்போதே அந்த அனுமதி கையில் இருக்க வேண்டியதில்லை, வேலை தொடங்கும் முன் இருந்தால் போதும்.

இந்த வரிசை ஏதோ கோர்ட்டு விவகாரம் என்று நினைக்காதீர்கள். குடும்பத்துக்கு இதில்தான் எல்லாம் இருக்கிறது. சாலையால் காற்றும் தண்ணீரும் என்ன ஆகும் என்ற படிப்பு முடியும் முன்பே, நிலம் கை மாறும் வேலை தொடங்கிவிடலாம் என்றாகிறது. அப்படியானால் நமக்கு முதலில் வரும் கதவு அந்த 21 நாள்தான்.

அம்மாக்கள் பேசி என்ன ஆகப் போகிறது என்பவர்களுக்கு ஒரு செய்தி. நியூயார்க் நகரில் வாஷிங்டன் சதுக்கம் என்று ஒரு பூங்கா. அதன் நடுவே போகும் சாலையைப் பெரிதாக்க அந்த நகரத்தின் மிகப் பெரிய அதிகாரியான ராபர்ட் மோசஸ் திட்டம் போட்டார். 1952-இல் ஷெர்லி ஹேய்ஸ் என்கிற, நாலு பிள்ளைகளைப் பெற்ற ஓர் இல்லத்தரசி அக்கம்பக்கத்துத் தாய்மார்களைச் சேர்த்துக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார். ஜேன் ஜேக்கப்ஸ் என்கிற எழுத்தாளரும் சேர்ந்துகொண்டார். பல வருஷம் விடவில்லை. 1958-இல் பூங்காவுக்குள் வண்டிகள் போவதையே நிறுத்தினார்கள். இன்றைக்கும் அங்கே குழந்தைகள் விளையாடுகின்றன.

யானைக்கு யார் மனுப் போடுவது?

எங்கள் ஊரில் சாலையைப் பற்றிப் பேசினால் பாதிப் பேச்சு யானையில்தான் முடியும். ஐப்பசி, கார்த்திகையில் ராகி முற்றும் சமயம் பன்னேர்கட்டா, தளிப் பக்கத்துக் காடுகளிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து சானமாவுக் காட்டில் தங்கிவிடும். ராத்திரியில் நெடுஞ்சாலையைத் தாண்டிக் கொல்லைகளுக்குள் இறங்கும். வனத்துறை ஆட்கள் டார்ச் வெளிச்சத்தோடு நின்று வண்டிகளை நிறுத்தி வழிவிடுவார்கள். அத்தைக்கு யானை மேல் கோபமே இல்லை. “அது பாட்டன் காலத்து வழிம்மா. நடுவுல ரோடு போட்டது யாரு?” என்பார்.

காட்டு நிலம் ஓர் அடி வேண்டுமென்றாலும் 1980-இல் வந்த வனப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மத்திய அரசின் அனுமதி தனியாக வேண்டும். அது இரண்டு கட்டமாக வரும். சரணாலயம் என்றால் தேசிய வனவிலங்கு வாரியமும் பார்க்க வேண்டும். எங்கள் மாவட்டத்துக் காடுகளில் ஒரு பெரும் பகுதி 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று.

விலங்குக்கு வழி விட்டுச் சாலை போடவே முடியாதா என்றால், முடியும். இதே 44-ஆம் எண் நெடுஞ்சாலைதான் மகாராஷ்டிரத்தில் பெஞ்ச் புலிக்காட்டு வழியாகப் போகிறது. அங்கே பல வருஷ வழக்குக்கும் வாதத்துக்கும் பிறகு, விலங்குகள் அடியில் நடந்து போக ஒன்பது இடங்களில் சாலையைத் தூக்கிக் கட்டினார்கள். மிக நீளமானது 750 மீட்டர். இந்திய வனவிலங்கு நிறுவனம் காமிரா வைத்துப் பார்த்ததில் புலியே அதன் வழியாக நடந்து போயிருக்கிறது. அங்கே புலிக்குச் செய்ததை இங்கே யானைக்கும் கேட்கலாம். சாலையின் வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே கேட்க வேண்டும். தார் போட்ட பிறகு தூக்கிக் கட்ட யாரும் பணம் தரமாட்டார்கள்.

பணம் வரும் வழி

இழப்பீட்டுக் கணக்கு 3-ஏ அறிவிப்பு வந்த தேதியில் நிலத்துக்கு என்ன விலை என்பதிலிருந்து தொடங்குகிறது. அரசாங்க வழிகாட்டி மதிப்பு ஒன்று. சுற்றுவட்டாரத்தில் அதற்கு முந்தைய மூன்று வருஷத்துக் கிரயப் பத்திரங்களில் பெரிய தொகைகளாகப் பார்த்துப் பாதியை எடுத்து, அவற்றின் சராசரி இன்னொன்று. எது அதிகமோ அது. கிராமப்புறமானால் அதை 1 முதல் 2 வரையிலான ஓர் எண்ணால் பெருக்குவார்கள். மரம், கிணறு, கட்டடம் தனி மதிப்பு. எல்லாவற்றையும் கூட்டினால் வருகிற அளவுக்கு இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை. நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவருக்கும் ஆறுதல் தொகையும் வட்டியும் உண்டு என்று 2019-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

இங்கேதான் ஊர் வழக்கம் நம் கழுத்தைப் பிடிக்கிறது. முத்திரைத் தாள் செலவை மிச்சம் பிடிக்க, முப்பது லட்சத்துக்கு வாங்கிவிட்டுப் பத்திரத்தில் எட்டு லட்சம் என்று எழுதுகிறோமே, அந்தப் பத்திரங்கள்தான் சராசரிக்கு வந்து நிற்கின்றன! அன்றைக்குச் சாமர்த்தியமாகத் தெரிந்தது இன்றைக்கு ஊர் முழுக்கப் பாதிக்கிறது. கேட்டால் கோபம் வரும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

நிலம் இரண்டாகப் பிளந்து மிச்சத் துண்டு வீணானால் அந்த நஷ்டம், மற்றச் சொத்துக்கும் வருமானத்துக்கும் வரும் பாதிப்பு, வீட்டையோ கடையையோ வேறிடம் மாற்றும் செலவு, இவை மூன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 3-ஜியிலேயே இருக்கிறது. யாரும் தானாக வந்து சொல்லமாட்டார்கள். நாத்தனார் கடையில் மாவு அரைக்கக் கொடுத்த ரசீது, காஸ் சிலிண்டர் பில், உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தோம். தினம் எத்தனை இட்லி என்று காலண்டர்த் தாளின் பின்பக்கம் அவர் குறித்து வைத்திருந்ததையும் கொடுத்தோம்.

பிறகு வந்தது உறவு முறைக் கலகம். “கட்டிக் கொடுத்த பொண்ணுக்கு ரோட்டுப் பணத்துல என்ன பங்கு?” என்று மாமனாரின் தம்பி திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். பங்கு உண்டு, சித்தப்பா! தமிழ்நாட்டில் 1989-லேயே, கல்யாணமாகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்பிள்ளையோடு சமபங்கு என்று சட்டம் வந்தது. 2005 செப்டம்பர் 9-ஆம் தேதியிலிருந்து நாடு முழுக்க, கல்யாணம் ஆனவளோ ஆகாதவளோ, மகளுக்கும் மகனுக்கும் ஒன்றுதான். அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட் தெளிவுபடுத்தியது. இழப்பீட்டைப் பிரிப்பதில் தகராறு என்றால் அதிகாரி அதை சிவில் கோர்ட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும், தன் இஷ்டத்துக்கு ஒருவர் கையில் கொடுக்கக் கூடாது.

என் கணவர் தாமாகவே அக்காவின் பெயரை மனுவில் எழுதினார். அதற்காக அவரைப் புகழ வேண்டியதில்லை, அவளுடையதை அவளுக்குக் கொடுத்தார். ஆனால் எல்லா வீட்டிலும் இப்படி நடப்பதில்லை. ‘சும்மா ஒரு கையெழுத்துத்தாம்மா’ என்று சம்மதக் கடிதத்தையோ பவர் பத்திரத்தையோ நீட்டினால், ஒரு ராத்திரி வீட்டில் வைத்துப் படித்துவிட்டுப் போடுங்கள். வெற்றுத் தாளில் யாருக்கும் போடாதீர்கள், பெற்ற பிள்ளை கேட்டாலும்.

வேலை தொடங்கியதும் புழுதி. எட்டு மாசம் எங்கள் வீட்டில் வெள்ளைத் துணி என்பதே இல்லை. சின்னவனுக்கு இழுப்பு வந்தது. தண்ணீர் லாரி விட்டு நாளைக்கு இரண்டு வேளை மண்ணை நனைக்கச் சொல்லிக் காண்டிராக்டரின் மேஸ்திரியைத் தினம் கேட்டோம். கேட்ட நாளில் விட்டார்கள். ஜன்னலுக்கு ஈரக் கோணி கட்டி, தண்ணீர்ப் பானைக்கு மேலே துணி போட்டு, துவைத்ததைக் கொல்லைப்புறம் உலர்த்திச் சமாளித்தோம். சித்திரையில் ஈரக் கோணி அரைமணி நேரம் தாங்காது என்பது அனுபவம்.

அரசிதழ் அறிவிப்புகளை இப்போது செல்போனிலேயே பார்க்கலாம். நெடுஞ்சாலை நில எடுப்புக்கு ‘பூமி ராஷி’, சுற்றுச்சூழல், வன அனுமதிகளுக்குப் ‘பரிவேஷ்’ என்று அரசாங்க வலைத்தளங்கள் இருக்கின்றன. எங்கள் ஊரில் பாலிடெக்னிக் படிக்கும் நாத்தனார் பெண்தான் வாரம் ஒரு முறை எல்லாருடைய புல எண்ணையும் தட்டிப் பார்த்துச் சொல்கிறாள். கிழவிகள் முந்தானையில் புல எண்ணை முடிந்துகொண்டு வந்து நிற்பார்கள்.

எங்களுக்கு வந்த தொகையில் கிணற்றுக்கும் தென்னைக்கும் கொடுத்தது சரியாகவே இருந்தது. துண்டுபட்ட ராகிக் கொல்லைக்கும் கடையின் வருமானத்துக்கும் ஒரு பைசா இல்லை. தொகையில் திருப்தி இல்லாவிட்டால் மத்திய அரசு நியமித்த நடுவரிடம் போகலாம். பெரும்பாலும் கலெக்டர்தான் அந்த நடுவர். பணத்தை வாங்கும்போதே ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம். நடுவர் முன்னால் இதுவரை மூன்று வாய்தா ஆகிவிட்டது. நாத்தனார் சர்வீஸ் ரோட்டு ஓரத்தில் தள்ளுவண்டியில் இட்லி போடுகிறார். ஷிப்டு வண்டிகள் இப்போது மேலே பாலத்தில் போய்விடுவதால் வியாபாரம் பாதிதான்.

அடுத்த வாய்தா ஐப்பசியில். ராகி அறுப்பும் அப்போதுதான். அத்தை கொல்லையில் யானைக் காவலுக்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார், நாங்கள் இரண்டு பேரும் காலை ஆறரை பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும்.